முகூர்த்தம் பார்த்துச் சோறு குறைத்தவன்

டாக்டரிடம் கேட்காமலே, கேட்டுவிட்டதாக என் மனைவியிடம் பொய் சொன்னேன். அவளோ சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவள். உங்களிடம்தான் முதன்முதலாக வாய் திறக்கிறேன்.

கார்ப் சைக்கிளிங்... சில நாள் சோறும் இட்லியும் வயிறாரச் சாப்பிடுவது, சில நாள் அவற்றை அறவே குறைப்பது. ஐம்பது வயதில் எனக்கு அது பொருந்தியது. தொப்பை கரைந்தது. காரைக்குடித் தெருக்களில் காலைக் காற்றோடு காற்றாக நடந்தேன்! அந்த மகிழ்ச்சியில் மனைவி வள்ளியையும் இதில் இழுத்தேன்.

“எனக்கு ஒத்துக்கிருமா? டாக்டர்ட்ட கேட்டீகளா?”

“கேட்டாச்சு, கேட்டாச்சு.”

எத்தனை எளிதாக வந்தது!

பத்திரிகை வைத்த வீட்டில் கை நனைக்காமல் திரும்ப எங்கள் ஊரில் முடியுமா? ஆகவே முகூர்த்த நாளெல்லாம் சோற்று நாள், மற்றதெல்லாம் குறைப்பு நாள் என்று இருவருக்கும் காலண்டரில் குறித்தேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்! ஆடி பிறந்தது. ஆடியில் ஏது கல்யாணம்? குறைப்பு நாள்கள் வரிசையாக வந்தன... காலண்டரைப் பார்த்தேனே, அவள் முகத்தைப் பார்த்தேனா?

ஒரு வெள்ளிக்கிழமை காலை. மாத்திரை போட்டவள் அடுப்படியில் வியர்த்து, நடுங்கி, சரிந்தாள்.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறியது. கண் விழித்தாள். “சாப்பிடாம மாத்திரை போட்டாகளா?” என்றார் டாக்டர். நான் முந்திக்கொண்டேன். “ஆடி வெள்ளி... விரதம் இருந்துட்டா.”

“சாமியா வந்து ஊசி போடும்? இனிமே இப்படிச் செய்யாதீகம்மா!” அவளைத்தான் திட்டினார்.

வள்ளி என்னைப் பார்த்தாள். ஒரு கணம்தான். “சரிங்க டாக்டர்” என்றாள்.

இன்று அவர் சொன்னபடி மூன்று வேளையும் அளவாகச் சாப்பிட்டு நலமாக இருக்கிறாள். என் முறை எனக்கு, அவள் முறை அவளுக்கு. மாலையில் சேர்ந்து நடக்கிறோம், வழியெல்லாம் ஊர்க்கதை பேசுகிறோம். நிறைவான வாழ்க்கைதான்... பின் ஏன் இதை உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்?

போன மாதம் நாச்சியாபுரத்தில் ஒரு கல்யாணப் பந்தி. பரிமாற வந்த என் தங்கை சத்தமாகக் கேட்டாள்: “மதினி, இன்னைக்கும் விரதமா? எங்க அண்ணனப் பதற வச்ச மகராசியாச்சே நீங்க!”

பந்தியே சிரித்தது. வள்ளியும் சிரித்தாள். “நீ மொத சோத்த வையிடி, பேச்ச அப்புறம் வச்சுக்குவம்.”

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்... நானும் சேர்ந்து சிரித்தேன். இரண்டாம் முறை சோறு வாங்கினேன்.