ஜெனிக்கு மோட்டோகிராஸ் கற்றுத்தர ஆள் தேடினோம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ரோஸ்லின் தன் மகளை இழுத்துக்கொண்டு என் கிரவுண்டுக்கு வந்தபோது, அந்தப் பெண்ணின் முன்பல் பாதி உடைந்திருந்தது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கும் காலி மைதானத்தில் பெண்களுக்கு ஸ்கூட்டர் கற்றுக்கொடுப்பது என் தொழில். பத்தொன்பது வருடமாகச் செய்கிறேன். ஷிஃப்ட் முடிந்து கம்பெனி யூனிஃபார்மோடு வருகிறவர்கள்தான் பெரும்பாலும் என் ஸ்டூடண்ட்ஸ். ரோஸ்லினும் அப்படி வந்தவள்தான். மற்றவர்கள் பத்து நாளில் கற்றுக்கொள்வதற்கு அவளுக்கு இரண்டு மாதம் ஆனது. சீட்டில் உட்கார்ந்ததுமே இறங்கிவிடுவாள். அவளுடைய தம்பி எளாவூர் செக்போஸ்ட் பக்கம் ஹைவேயில் பைக்கில் போய் லாரியில் அடிபட்டு இறந்தவன். அது தெரிந்ததால் நானும் அவளை அவசரப்படுத்தவில்லை.

"இன்னாடி ஆச்சு கொயந்தைக்கு?" என்றேன்.

"இன்னும் இன்னா ஆவணும்க்கா? பக்கத்துல ஊடு கட்றாங்க. அங்க கொட்டி வெச்ச மணல் மேட்டுல சைக்கிள ஏத்தித் தாவிக்கீறா. மோட்டோகிராஸாம். போன்ல பாத்தாளாம்."

ஜெனிக்கு அப்போது பத்து வயது. உதடு வீங்கியிருந்தது, ஆனால் கண்ணில் ஈரமே இல்லை. "ஏறுனதெல்லாம் கரெக்ட்டா ஏறுனேன் ஆன்ட்டி. எறங்கும்போதுதான் முன்னாடி வீல் மொதல்ல குத்திக்கிச்சு" என்றாள்.

இவளை அதட்டி வைக்கச் சொல்லத்தான் ரோஸ்லின் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் சொன்னது வேறு.

"இவளுக்கு அத்த ஒழுங்கா கத்துக்குடுக்குற ஆளு வேணும்க்கா. நீங்கதான் கண்டுபிடிச்சித் தரணும்."

"உனக்குப் பயமா இல்லையா?"

"பயந்தான். என் தம்பிக்கு யாரும் கத்துக்குடுக்கல. தானா எடுத்தான், தானா ஓட்னான். ஊட்ல எல்லாரும் வேணாம் வேணாம்னு சொல்லிக்கினே இருந்தோம். அவ்ளோதான் செஞ்சோம். நா ஷிஃப்டுக்குப் போனதும் இவ மறுபடி மணல் மேட்டுக்குத்தான் போவா. அவங்கப்பாவும் காட்டுப்பள்ளி துறைமுகத்துல வேலைக்குப் போயிடுவாரு. யாரு பாக்கறது?"

ஒரே வாரத்தில் ஆளைக் காட்டுகிறேன் என்றேன். வண்டி என்றால் எனக்குத் தெரியாதது இல்லை என்ற நினைப்பு. மோட்டோகிராஸ் என்பது மண்ணில் மேடும் பள்ளமும் வளைவுமாகப் போட்ட டிராக்கில் ஓட்டும் பந்தயம் என்பதையே அன்று வீட்டுக்குப் போய் போனில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

சோழவரமும் எளாவூரும்

கேட்ட இடத்தில் எல்லாம் சோழவரம் என்றார்கள். பெட்ரோல் பங்க் மேனேஜர் சொன்னார், டயர் கடைக்காரர் சொன்னார். "அங்கதானே ரேஸ் நடக்கும்?" ஜெனியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போனேன். ஏரிக்கரையைத் தாண்டி டீக்கடையில் விசாரித்ததும் கடைக்காரர் சிரித்துவிட்டார்.

"அது எந்தக் காலத்து ரேஸும்மா! எங்கப்பா பாத்தது. இப்ப இன்னா இருக்குது அங்க?"

ஜெனி இரண்டு பஜ்ஜி தின்றாள். திரும்பிவிட்டோம்.

எனக்குத் தெரிந்த டிரைவிங் ஸ்கூல்காரர் ஒருவர், "பத்து வயசுக்கு லைசென்ஸே தரமாட்டான், நீ இன்னாத்த கத்துக்குடுக்கப் போற?" என்று கேட்டார். இது ரோட்டில் ஓட்டுவது இல்லை, தனி டிராக்கில் ஓட்டுவது என்று விளக்கினேன். "அப்டி ஒண்ணு கீதா?" என்றார். எனக்கே அது புதிது என்பதைச் சொல்லவில்லை.

இரண்டாவது வாரம் ஒரு மெக்கானிக், எளாவூர் தாண்டி காலி மனையில் ஒரு வாலிபர் 'டர்ட் பைக் டிரெய்னிங்' கொடுப்பதாக நம்பர் தந்தார். போன் செய்ததும், "இட்டுக்கினு வாங்க, ஒரே நாள்ல பறக்க உட்றேன்" என்றார். அந்த வார்த்தையிலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். ஒரு வாரம் என்று வாக்குக் கொடுத்து இரண்டு வாரம் ஆகிவிட்டதே என்ற அவசரத்தில் போய்விட்டேன்.

அங்கே இருந்தது பெரியவர்கள் ஓட்டும் வண்டி. ஜெனியைத் தூக்கி சீட்டில் வைத்தார். இரண்டு காலும் தரையிலிருந்து ஒரு முழம் மேலே தொங்கின. தலையில் மாட்டிய ஹெல்மெட், அவள் திரும்பினால் கூடவே திரும்பாமல் அப்படியே நின்றது. காலில் ஸ்கூல் ஷூ.

"இவ எப்டிப்பா நிறுத்துவா?" என்றேன்.

"அதெல்லாம் தானா வரும்மா. ரெண்டு தபா உயுந்தாதான் கத்துக்கும்." கிளட்சைப் பிடிக்கச் சொல்லி, கிக்கரை உதைத்து ஸ்டார்ட் செய்து கியர் போட்டார். ஜெனி கிளட்சை விட்டுவிட்டு ஆக்ஸிலரேட்டரை முறுக்கினாள். வண்டி முன்னால் குதித்தது. வாலிபர் சீட்டின் பின்பக்கத்தைப் பிடித்திருந்ததால் நின்றது. இல்லையென்றால் எதிரே காம்பவுண்டு சுவர்.

நான் ஓடிப்போய் என்ஜினை ஆஃப் செய்து அவளைத் தூக்கி இறக்கினேன். "இன்னாம்மா பேஜாரு பண்ற?" என்று அவர் கேட்கும்போதே அவளை என் ஸ்கூட்டரில் ஏற்றிவிட்டேன்.

ஜெனி அழுதாள். பல் உடைந்தபோது அழாதவள் அன்று ஹைவே முழுக்க அழுதுகொண்டே வந்தாள். வீட்டு வாசலில் இறங்கியதும் சொன்னாள்: "நீங்க ஸ்கூட்டி ஆன்ட்டி. உங்களுக்கு இது தெரியாது. எதுக்கு நிறுத்தனீங்க?"

ரோஸ்லின் அவள் முதுகில் ஒன்று வைத்தாள். ஆனால் குழந்தை சொன்னதில் பொய் இல்லை. நிறுத்தியது சரிதான். அதற்கு முன்னால், எனக்குத் தெரியாத விஷயத்துக்கு ஆள் தேடும்போது எதைக் கேட்க வேண்டும் என்றாவது யோசித்திருக்க வேண்டும்.

சின்ன சைஸ் பூட்ஸ்

அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. குழந்தைக்கு ஒழுங்காகக் கற்றுக்கொடுக்கிறவர் யாராக இருந்தாலும் குழந்தை சைஸில் ஹெல்மெட், பூட்ஸ், மார்புக் கவசம் எல்லாம் எங்கேயாவது வாங்கித்தானே ஆக வேண்டும்? நான் ஸ்டூடண்ட்ஸை அனுப்பும் ஹெல்மெட் கடை பாயிடம் கேட்டேன்.

"சின்ன சைஸ் பூட்ஸ் சொல்லி வெச்சி வாங்கறது ஒரே ஒரு பொண்ணுதாம்மா" என்றார் பாய். "திருவள்ளூர் பக்கம். பேரு சத்யா."

போன் செய்தேன். நான் வண்டியைப் பற்றிக் கேட்பதற்குள் அந்தப் பெண் கேட்க ஆரம்பித்துவிட்டாள். குழந்தை உயரம் எவ்வளவு? சைக்கிள் ஓட்டுமா? கண்ணாடி போடுமா? இதற்கு முன் அடிபட்டிருக்கிறதா? கடைசியாக, "அவங்க அம்மாவுக்குச் சம்மதமா மேடம்? அம்மா வராம நான் கிளாஸ் எடுக்கமாட்டேன்."

போனை வைத்ததும் ரோஸ்லினிடம் சொன்னேன், "கெடச்சிட்டாங்கடி."

சத்யாவுக்கு இருபத்தாறு வயது இருக்கும். வாரநாட்களில் ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனியில் குவாலிட்டி செக்ஷன். ஞாயிறுகளில் மாமாவின் பயிர் வைக்காத நிலத்தில் டிராக். வண்டி ஐம்பது சி.சி., கியர் கிடையாது. ஆக்ஸிலரேட்டரில் ஒரு ஸ்குரு வைத்து, எவ்வளவு முறுக்கினாலும் ஓரளவுக்கு மேல் வேகம் போகாமல் செய்திருந்தாள். ஓட்டுகிறவரின் மணிக்கட்டில் ஒரு கயிறு கட்டுவார்கள். விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு என்ஜின் நின்றுவிடும். வண்டி ரோட்டையே தொடாது, லோடு ஆட்டோவில்தான் வரும், போகும்.

முதல் வகுப்பு இரண்டு மணி நேரம். என்ஜினை ஸ்டார்ட் செய்யவே இல்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும். படுக்கப் போட்டு எடுத்து நிறுத்த வேண்டும். சத்யா ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ள, ஜெனி ஃபுட்ரெஸ்டில் ஏறி நிற்க வேண்டும். முட்டி மடங்கி, முழங்கை வெளியே, பார்வை தூரத்தில். இருபதாவது தடவை ஜெனிக்குக் கோபம் வந்துவிட்டது.

"எப்போ ஓட்டறது?"

"நின்னு காட்டு, ஓட்டலாம்" என்ற சத்யா என் பக்கம் திரும்பினாள். "நீங்களும் டிரை பண்றீங்களா மேடம்? வாரநாள்ல உங்க கிரவுண்டுல நீங்கதான் இவளை சைக்கிள்ல நிக்க வெச்சுப் பழக்கணும்."

பெரிய வண்டி ஒன்றை ஸ்டாண்டு இல்லாமல் சத்யாவும் ரோஸ்லினும் பிடித்துக்கொள்ள, சுடிதாரைச் சொருகிக்கொண்டு ஏறினேன். எழுந்து நின்றேன். மூன்றே விநாடி. சத்யாவின் தோளில் சாய்ந்து மண்ணில் உட்கார்ந்தேன். ஜெனி உடைந்த பல் தெரியச் சிரித்தாள். எளாவூருக்குப் பிறகு என்னைப் பார்த்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"கீழ பாத்துட்டீங்க மேடம்" என்றாள் சத்யா. பத்தொன்பது வருடமாக நான் தொண்டை கிழியக் கத்தும் வசனம் அது.

மழைக்கு அடுத்த ஞாயிறு

அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் போனோம். ரோஸ்லின் நைட் ஷிஃப்ட் முடித்து நாஷ்டா பொட்டலத்தோடு நேராக வந்துவிடுவாள். ஜெனி நின்றாள், ஓட்டினாள், சின்ன மேடுகளில் ஏறி இரண்டு சக்கரமும் சேர்ந்து இறங்கப் பழகினாள். ஸ்குருவை சத்யா கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினாள்.

முந்தின நாள் மழை பெய்த ஒரு ஞாயிறு. கடைசி வளைவில் வண்டித் தடம் ஈரத்தில் ஆழமாகப் பதிந்திருந்தது. ஜெனியின் முன் சக்கரம் அதில் மாட்டியது. வண்டி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். மணிக்கட்டுக் கயிறு பிடுங்கி என்ஜின் நின்றது.

ரோஸ்லின் கத்தவில்லை. டிராக்கைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு அடியில் புகுந்து ஓடினாள். அவள் ஓடியதைப் பார்த்ததும், அவள் கண்ணில் இப்போது தெரிவது ஜெனி மட்டும் இல்லை என்று எனக்குப் பட்டது. சத்யா அதற்குள் மஞ்சள் கொடியைக் காட்டி டிராக்கில் ஓட்டிக்கொண்டிருந்த மற்றப் பிள்ளைகளை நிறுத்திவிட்டுக் குழந்தையின் பக்கத்தில் மண்டியிட்டிருந்தாள். "தூக்காதீங்க அக்கா. ஹெல்மெட்டைக் கழட்டாதீங்க. ஜெனி, உன் ஸ்கூல் பேரு சொல்லு. கால் விரலை ஆட்டு."

ஜெனி சொன்னாள், ஆட்டினாள். இடது மணிக்கட்டு மட்டும் வீங்கியது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து மெல்லிய விரிசல் என்றார்கள், மாவுக்கட்டுப் போட்டார்கள்.

வெளியே பெஞ்சில் ரோஸ்லின் ஜெனியின் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இத்தோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். பிறகு கூட வந்திருந்த சத்யாவிடம் கேட்டாள். "எங்கொயந்தை இன்னா தப்பு பண்ணுச்சி?"

"அவ தடத்தைப் பாத்துட்டா அக்கா. பார்வை அங்க போனா வண்டியும் அங்க போகும்." என்றாள் சத்யா. "ஆனா மொதல் தப்பு என்னோடது. காலையில அந்த வளைவை நடந்து பாத்தேன். மண்ணைப் போட்டு மூடணும், இல்ல அந்தப் பக்கம் கயிறு கட்டணும்னு தோணுச்சு. ரெண்டு ரவுண்டு முடியட்டும்னு விட்டேன். விட்டிருக்கக் கூடாது."

ரோஸ்லின் அவளையே பார்த்தாள். "கட்டு எப்ப பிரிப்பாங்க?" என்று என்னிடம் கேட்டாள்.

"ஒரு மாசத்துக்கு மேல ஆகும்னாரு டாக்டர்."

"அப்ப அதுக்கு அடுத்த ஞாயிறு வரோம் சத்யா."

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பியதும் ஏன் என்று கேட்டேன். "என் தம்பி செத்தப்ப எல்லாரும் அவன் மேலதான்க்கா தப்பு சொன்னாங்க. லாரிக்காரரு, போலீசு, நாங்க, எல்லாரும். தன் மேல தப்புன்னு சொல்ற ஆள நா இன்னிக்கிதான் பாத்தேன். இவகிட்ட கொயந்தைய உடலாம்."

இப்போது ஸ்கூட்டர் கற்றுக்கொள்ள வரும் பெண்கள் பலர், தங்கள் பிள்ளைகளுக்கு நல்ல மாஸ்டரை எப்படிக் கண்டுபிடிப்பது என்று என்னிடம் கேட்கிறார்கள். குழந்தையைப் பற்றி முதலில் கேட்கிறாரா, சைஸுக்குப் பொருந்தும் ஹெல்மெட் வைத்திருக்கிறாரா என்று பாருங்கள் என்பேன். முக்கியமானது, விழுந்த பிறகு என்ன பேசுகிறார் என்பது.

ஜெனி விழுந்த அந்த வாரம் என் கிரவுண்டில், கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் வண்டியோடு சரிந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டாள். "கீழ பாத்தியா?" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. நிறுத்திக்கொண்டு யோசித்தேன். முந்தின நாள்தான் பிரேக் பிடிக்கப் பழகியவளை, அன்றே திருப்பத்துக்கு அனுப்பியது நான்.

"என் தப்பும்மா. ஒரு நாள் முன்னாடியே உன்னைத் திருப்ப உட்டுட்டேன்" என்றேன்.

அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு யாரும் சொல்லாமலேயே வண்டியைத் தூக்கி நிறுத்தினாள்.