ஒரே பேசினில் கழுவிய இருபது கேப்புகள்

திங்கட்கிழமை காலை ஆறேகாலுக்கு மன்னார் பஸ் நிலையத்துக்கு எதிரே நிற்பேன் என்று ஐந்து ஆசிரியைகளுக்கு நான் சொன்னபோது என் காரில் என்ஜின் இருக்கவில்லை. அது எருக்கலம்பிட்டியில் ஒரு கராஜின் மூலையில், பழைய டயர் ஒன்றின் மேல் கிடந்தது. விடுமுறைக்கு முந்தைய கடைசி நாள், அரிப்பு என்ற ஊரிலிருந்து திரும்பும் வழியில் தண்ணீர்க் குழாய் வெடித்து, சூடேறி, அதன் கீழ்ப்பாகம் இறுகிவிட்டது.

பதினாறு ஆண்டுகள் ஒரு பத்திரிகைக்கு மன்னாரிலிருந்து செய்தி அனுப்பினேன். பிராந்தியப் பக்கத்தை நிறுத்திவிட்டோம் என்று அவர்கள் தொலைபேசியில் சொன்ன மாதமே இந்தக் காரை ஓட்டத்துக்கு விட்டேன். காலையில் ஐந்து பேரை அரிப்புப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய், பிற்பகலில் கொண்டுவருவேன். என் வருமானம் அதுதான்.

என்ஜின் போன செய்தி அறிந்த மறுநாளே வாடகைக்கு வான் ஓட்டும் ஒருவர் என்னைக் கூப்பிட்டார். என்னிலும் பத்து வயது இளையவர். "அக்கா, நீங்கள் ஆறுதலா, மெதுவாச் செய்யுங்கோ. ரீச்சர்மாரை நான் ஏத்துறன். கார் ரெடியானாப் பிறகு பாப்பம்" என்றார். இந்தப் 'பாப்பம்' எப்படி முடியும் என்று எனக்குத் தெரியும். ஒரு வாரம் குளிரூட்டிய வானில் போய்வந்தவர்கள் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓடும் காருக்குத் திரும்பி வருவதில்லை. ஆகவே அவர் கேட்ட கையோடு ஐந்து பேருக்கும் ஒவ்வொருவராக அழைப்பு எடுத்து, திங்கள் வருகிறேன் என்றேன். அந்த வார்த்தையைத் திரும்ப எடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை.

மாற்று என்ஜின் கொழும்பிலிருந்து லொறியில் வெள்ளிக்கிழமை காலை வந்தது. அதே ரகம், ஜப்பானில் ஓடிக் கழற்றியது. மேல்மூடியின் போல்ட்டுகளில் மஞ்சள் பெயின்ற் பூசி அனுப்பியிருந்தார்கள். பெயின்ற் உடைந்திருந்தால் திருப்பி எடுக்கமாட்டோம் என்று அதற்குப் பொருள்.

முஸ்லிம் அண்ணன்மாரை அழைப்பதுபோல, கராஜ்காரரை நான் நானா என்றுதான் கூப்பிடுவேன். பிள்ளைப் பருவத்தில் இந்த ஊரைவிட்டுப் போய், புத்தளத்தில் வேலை பழகி, திரும்பி வந்து தகரக் கூரை போட்டவர். தென்மேற்குக் கச்சான் காற்று மணலோடு வருகிற பக்கத்துக்கு நீலத் தறப்பாள் கட்டியிருந்தார். அவர் என்ஜினின் முன்புறத்தில் காதை வைத்து, கையால் சுற்றிப் பார்த்தார். உள்ளே கீழ்ப்பாகத்தையும் மேல்பாகத்தையும் இணைத்துச் சுற்றும் செயின் தளர்ந்து உரசுவது எனக்கே கேட்டது.

"பூட்டினாப் பிறகு இது கத்தும். இப்பவே திறக்கவேணும். திறந்தா அவன் திருப்பி எடுக்கமாட்டான்."

"திறவுங்கோ நானா."

"யோசிச்சுச் சொல்லுங்கோ."

"திங்களுக்கு இடையில அவனுக்கு அனுப்பி அவன் இன்னொண்டு அனுப்பவோ? திறவுங்கோ."

ஸ்பானரை வைத்தார். மஞ்சள் பெயின்ற் மெல்லிய சத்தத்தோடு வெடித்தது. திறந்தது நல்லதாகப் போயிற்று. செயின் மட்டும் பிரச்சினையல்ல. வால்வுகளை அமுக்கித் திறக்கிற கேம் சாஃப்ட்டுகள் இரண்டில் ஒன்றின் மேடுகள் அரித்துக் குழி விழுந்திருந்தன. ஆனால் என் பழைய என்ஜினின் கேம்கள் பழுதில்லை. கீழ்ப்பாகம்தான் செத்தது. பழையதிலிருந்து இரண்டு கேமையும் எடுத்துப் புதியதில் போடுவது என்று முடிவாயிற்று. புதுச் செயினும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் வவுனியாவிலிருந்து பஸ்ஸில் வரச் சொன்னார்.

ஒவ்வொரு கேமையும் என்ஜினின் மேல்பாகமான ஹெட்டோடு சேர்த்துப் பிடிப்பவை ஐந்து அரைவட்டத் துண்டுகள். கேப் என்பார்கள். ஒரு என்ஜினுக்குப் பத்து. இரண்டு என்ஜின்களிலும் கழற்றியபோது இருபது. ஒவ்வொன்றின் தலையிலும் ஓர் எழுத்து, ஓர் எண், ஓர் அம்புக்குறி. நானா அவற்றை இரண்டு வெள்ளை ரெஜிபோம் நுரை மீன்பெட்டிகளில் வேறுவேறாக வைத்துவிட்டு, ஜும்மாத் தொழுகைக்கு நேரமாகிவிட்டது, மண்ணெண்ணெயில் கழுவி வைக்க முடியுமா என்று என்னிடம் கேட்டுவிட்டுப் போனார். எது எந்தப் பெட்டி என்று சொல்லவில்லை. தனித்தனியாகக் கழுவு என்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை என்று நினைத்திருப்பார்.

நான் பேசாலைக்காரி. எங்கள் வீட்டில் படகு மோட்டார் கரைக்கு வந்ததும் கழற்றியவை எல்லாம் ஒரே பிளாஸ்டிக் பேசினுக்குள் போகும். முதலில் மண்ணெண்ணெய், கடைசியில் நல்ல தண்ணி. உப்பு ஒரு பொட்டும் தங்கக் கூடாது. இருபது வருடம் பார்த்த வேலை. கை யோசிக்காமல் செய்தது. இரண்டு பெட்டிகளையும் ஒரே பேசினில் கவிழ்த்தேன். தேய்த்தேன். நல்ல தண்ணியில் அலசினேன். கேம்களையும் விடவில்லை. வெயிலில் சாக்கு விரித்துக் காயவைத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பத்திரிகைப் பழக்கம் விடவில்லை. ஒரே எழுத்தும் எண்ணும் உள்ளவற்றைச் சோடி சோடியாக அடுக்கினேன். பத்துச் சோடிகள். பார்க்க ஒழுங்காக இருந்தது.

நானா தொப்பியைச் சட்டைப்பைக்குள் மடித்து வைத்தபடி வந்தார். சாக்கைப் பார்த்து நின்றார். குந்தியிருந்து ஒரு சோடியை எடுத்தார்.

"தங்கச்சி, இது எந்த என்ஜின்ட?"

"ரெண்டும் ரெண்டாம் நம்பர், நானா."

"நம்பர் எனக்கும் தெரியும். எந்த என்ஜின்ட?"

எனக்கு விளங்கவில்லை. அவர் குரலை உயர்த்தாமல் விளங்கப்படுத்தினார். ஹெட்டையும் கேப்பையும் தொழிற்சாலையில் ஒன்றாக இறுக்கி வைத்துத்தான் துளை கடைகிறார்கள். அந்தக் கேப் அந்த ஹெட்டுக்கு மட்டும்தான். எண் ஒன்றாக இருந்தாலும் வேறு ஹெட்டின் கேப்பைப் போட்டால் மயிரளவு விலகும். அந்த மயிரளவில் கேம் இறுகும். இறுகியதைத் தெரியாமல் ஓட்டினால் கேம் முறியும், ஹெட்டும் போகும். பழைய கேமைப் புதிய ஹெட்டில் போடலாம். கேப் மட்டும் புதிய ஹெட்டின் கேப்பாக இருக்கவேண்டும்.

அதற்குள் கேம்களில் தேநீர் நிறத்தில் துரு பிடித்திருந்தது. அவர் எண்ணெய்த் துணியை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார். நான் இன்னொரு துணியை எடுத்தேன். படகுக்காரன் மகள் மோட்டாரைத் தண்ணீரில்தான் கழுவுவாள் என்று தெரிந்திருக்கவேண்டும், தன்மேலும் பிழை என்றார். பிழை என்னுடையது என்றேன்.

செவ்வாய்க்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். வவுனியாவில் தனக்குத் தெரிந்த பட்டறையில் அளந்து பார்க்கலாம், சனி ஞாயிறு அவர்கள் பூட்டு.

"திங்கள், நானா."

"பிழைச்சா கேமும் ஹெட்டும் போயிடும். பிறகு உங்களிட்ட ஒண்டுமில்லை."

"ரீச்சர்மார் போயிட்டாலும் என்னட்ட ஒண்டுமில்லை. வேற வழி இருந்தாச் சொல்லுங்கோ."

இருந்தது. கேம் இல்லாமல் வெறும் கேப்பைப் புதிய ஹெட்டில் அதன் இருப்பிடத்தில் வைத்து அளவாக இறுக்கினால் முழு வட்டம் கிடைக்கும். மேலரையும் கீழரையும் சந்திக்கும் கோட்டில் நகத்தை ஓட்டிப் பார்க்கலாம். சரியான கேப் என்றால் நகம் வழுக்கிக்கொண்டு போகும். பிழையான கேப் என்றால் ஒரு படி தட்டும். நானா தன் பெருவிரலால் முயன்றார். இரண்டு கேப்பும் அவருக்கு ஒன்றாகவே இருந்தன. அவருடைய நகங்கள் தசை வரை தேய்ந்து, ஓரம் எல்லாம் பிளந்திருந்தன. நான் முயன்றேன். முதலாவது வழுக்கியது. அதைக் கழற்றி அதன் சோடியைப் போட்டு இறுக்கிப் பார்த்தோம். தட்டியது. ஒரு கடதாசியின் தடிப்புக்கூட இருக்காது. ஆனால் தட்டியது.

சனிக்கிழமை விடிந்ததிலிருந்து அதுதான் வேலை. அவர் இறுக்குவார், நான் நகத்தை ஓட்டுவேன், அவர் கழற்றுவார். சரியென்று கண்டதற்கு நான் வெள்ளைப் பேனாவால் கோடு போட்டேன். நடுவில் தறப்பாள் அவிழ்ந்து மணல் வந்தது. அவர் ஓடிப்போய்க் கொடியில் தோய்த்துப் போட்டிருந்த ஈரச் சாரத்தைக் கொண்டுவந்து ஹெட்டை மூடினார். மறுபடி துடைத்தோம். மதியத்துக்குள் ஆறு கேப்புக்கு முடிவு தெரிந்தது.

பிற்பகலில் வான்காரர் வந்தார். பிரேக் எண்ணெய் வாங்க வந்தவர் போல வந்தார். கதை அவர் காதுக்கு எட்டியிருந்தது.

"என்னக்கா, எல்லாத்தையும் ஒண்டாக் கழுவிப்போட்டீங்களாம். மீன் கழுவின கை சும்மா இருக்குமோ."

நான் ஹெட்டுக்குள் குனிந்திருந்தேன். நிமிரவில்லை.

"ஓம் தம்பி, மீன் கழுவின கைதான். அதிண்ட நகத்தாலதான் இப்ப பாக்கிறன். விலத்தி நில்லுங்கோ, வெளிச்சம் மறைக்குது."

நானா சிரிக்கவில்லை. பிரேக் எண்ணெய் முடிந்துவிட்டது என்றார். அலுமாரியில் மூன்று போத்தல் இருந்தது எனக்குத் தெரியும்.

பத்தில் எட்டுத் தெளிவாயிற்று. இரண்டு இடங்களில் எந்தக் கேப்பைப் போட்டாலும் நகம் ஒன்றுபோலவே போனது. அவற்றைக் கேமை வைத்துத்தான் பார்க்கவேண்டும். எண்ணெய் பூசிக் கேமைப் படுக்கவைத்து, தெரிந்த கேப்புகளை மட்டும் இறுக்கினார். நடுவிலிருந்து வெளியே, வெளியிலிருந்து நடுவே, ஒவ்வொன்றும் கால் சுற்றுக்கு மேல் போகாமல். கேம் கையால் சுற்றியது. சந்தேகமான முதலாவதைப் போட்டார். சுற்றியது. கழற்றி அதன் சோடியைப் போட்டார். சுற்றியது, ஆனால் ஓரிடத்தில் மணலில் இழுபட்ட மாதிரி நின்று போனது. முந்தியதே சரி. மற்ற இடத்திலும் அப்படியே கண்டுபிடித்தோம். என்னைச் சுற்றிப் பார்க்கச் சொன்னார். பட்டுச்சேலை கைக்குள் நழுவுவது போல இருந்தது.

ஞாயிறு காலைப் பூசை முடிந்து நான் போகும்போது புதுச் செயினைப் போட்டுவிட்டார். கீழ்ப் பல்லின் குறி, மேலே இரண்டு கேம் பற்களின் குறி, செயினில் நிறம் பூசிய மூன்று கண்ணிகள். குறிக்கு நேரே கண்ணி வந்தால் என்ஜின் சரியான நேரத்தில் மூச்சு விடும். வான்காரர் மதிலுக்கு வெளியே மோட்டார்சைக்கிளில் இருந்தபடி, சாவியைப் போட்டுப் பாருங்கோவன் என்றார். நானா காது கொடுக்கவில்லை. சாவி போட முன்னர் கையால் இரண்டு முழுச் சுற்று, அது அவருடைய சட்டம். நீளமான பிடியை மாட்டிச் சுற்றினார். இரண்டு சுற்று முடிந்து கீழ்க்குறி வந்து நின்றது.

நான் மேற்குறியைப் பார்த்தேன். ஒரு பல் விலகியிருந்தது. நேர்கோட்டைப் பார்க்கும் பழக்கம் என் கண்ணுக்கு உண்டு. எழுதிய தாளில் ஒரு வரி சரிந்தால் பத்திரிகைக்கு அனுப்பியதில்லை.

"நானா, வலப்பக்கப் பல்லு."

குனிந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். டென்ஷனரைத் தடுத்துவைத்த ஊசியை இழுக்க முன்னர், தளர்ந்திருந்த செயின் ஒரு பல் பாய்ந்திருந்தது. மதிலுக்கு வெளியே சிரிப்புச் சத்தம் கேட்டது. நானா செயினை முழுதாகக் கழற்றினார். மறுபடி தொடக்கத்திலிருந்து போட்டார். இந்த முறை டென்ஷனரின் ஊசியை இழுத்த பிறகுதான் செயினிலிருந்து கையை எடுத்தார். இரண்டு சுற்று. குறிகள் மூன்றும் நேரே நின்றன. திருப்திப்படாமல் இன்னும் இரண்டு சுற்று சுற்றினார். வால்வு இடைவெளிகளை மெல்லிய தகட்டால் அளந்தார். ஒன்று சற்றுக் கூடுதல். அதற்குரிய வட்டத் தகடு இங்கே இல்லை, எடுப்பிக்கவேண்டும். தட்டும், ஆனால் கெடுக்காது என்றார்.

பள்ளிவாசலில் பிற்பகல் அஸர் பாங்கு சொல்லும்போது என்ஜின் காருக்குள் இறங்கியது. மாலை வெளிச்சம் இருக்கும்போதே சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பலில் இருமியது. இரண்டாவதில் பிடித்தது. நானா மூடிக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். பிறகு துணியால் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். மிஞ்சிய பத்துக் கேப்புகளை ஒரு கம்பியில் கோத்து எடுத்துக்கொண்டு வந்தேன். இனி அவை கலக்காது.

திங்கள் ஆறு பத்துக்கு நான் பஸ் நிலையத்துக்கு எதிரே நின்றேன். இருபது அடி தள்ளி வானும் நின்றது, கதவு திறந்தபடி. நான்கு பேர் என் காரில் ஏறினார்கள். ஐந்தாமவர் என்னைப் பார்க்காமல் வானில் ஏறினார். அவரை நான் கூப்பிடவில்லை. பின்னுக்கு இருந்தவர் கேட்டார்.

"அக்கா, ஏதோ தட்டுதே?"

"ஓம் ரீச்சர், ஒரு வால்வு. அடுத்த சனி சரியாகும். அதுவரைக்கும் தட்டிக்கொண்டே ஓடும்."

வான்காரர் என் கண்ணாடிப் பக்கம் வந்து, ஒரு கையைக் கூரையில் ஊன்றிக் குனிந்தார். எத்தனை நாளைக்கு ஓடும் என்று கேட்டார்.

"நாளைக்கும் ஆறேகாலுக்கு வந்து பாருங்கோ தம்பி."

அவர் கையை எடுத்தார். வீதியின் நடுவில் கழுதை ஒன்று நின்றது. அது விலகும் வரை காத்திருந்துவிட்டு, பாலத்தை நோக்கிக் காரை எடுத்தேன்.