எறும்பு ஏறிய சுவர்

கோப்பாயில் யார் ஒரு கட்டடம் எழுப்பத் தொடங்கினாலும் ஊருக்கு முன்னம் அது எனக்குத் தெரிந்துவிடும். சீமெந்தும் கம்பியும் என் கடையிலிருந்துதானே போகவேண்டும்! எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். என்னோடு படித்து எப்போதும் முதலாம் பிள்ளையாக வந்தவன் இன்றைக்கு என் கடையில் பற்றுச்சீட்டு எழுதுகிறான். நல்ல மனிதன், எழுத்தும் முத்துமுத்தாக இருக்கும்.

அண்மையில் எங்கள் பக்கத்தில் புதிதாக ஒரு கிறிஸ்தவ சபை கட்டத் தொடங்கியிருக்கிறார்கள். அன்றிலிருந்து கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சாமான் வாங்க வருவதில்லை. மேசையில் முழங்கையை ஊன்றி, குரலைத் தாழ்த்தி, "உவங்களுக்கு உதெல்லாம் எங்கையிருந்து வருது?" என்று என்னிடம் விசாரிக்க வருகிறார்கள். வெள்ளைக்காரர் யாரும் வந்து போனார்களா, நிலத்துக்குக் கீழே ஏதும் கட்டுகிறார்களா என்று ஒரே ஆராய்ச்சி. நான் தேத்தண்ணி எடுப்பித்துக் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருப்பேன். இந்தக் கேள்விகளையெல்லாம் நான் பத்து வயதிலேயே கேட்டுவிட்டேன். கேட்டது மட்டுமா, அதற்கு அடியும் வாங்கியிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. யாழ்ப்பாணத்துக்குச் சாமான்கள் வரத் தடை இருந்த காலம். சீமெந்தின் நிறமே எங்களுக்கு மறந்துபோயிற்று. எங்கள் பிள்ளையார் கோயிலின் வெளிமண்டபச் சுவர் இடுப்பளவில் நின்றுவிட்டது. கும்பாபிஷேகத்துக்கு நாள் பார்க்க இருந்தவர்கள் அதையும் நிறுத்திவிட்டார்கள். கோயில் தலைவர் என் மாமா, அம்மாவின் மூத்த தமையன். சைக்கிளில் கோயிலைக் கடக்கும்போதெல்லாம் இறங்கி நின்று, ஆஸ்பத்திரியில் கிடக்கும் வருத்தக்காரரைப் பார்ப்பதுபோல அந்த அரைச்சுவரைப் பார்த்துவிட்டுத்தான் போவார்.

அந்த நேரத்தில்தான், சண்டையால் தெல்லிப்பழைப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து வந்த சில குடும்பங்கள், கோயிலுக்கு இரண்டு வளவு தள்ளி, கனடா போனவர் ஒருவரின் காணியை வாங்கிச் செபக்கூடம் ஒன்று கட்டத் தொடங்கின. கைதட்டிப் பாடுகிற சபை. ஊர் அவர்களுக்கு வைத்த பெயர் அல்லேலூயாக்காரர். மழைக்கு முன்னம் கூரை போட்டுவிட வேண்டும் என்று பெண்களும் சேர்ந்து கல் சுமந்தார்கள். சுவர் இடுப்பளவு வந்தது, நெஞ்சளவு வந்தது, பிறகு யன்னல் மட்டத்தையும் தாண்டியது.

மாமாவுக்கு நித்திரை போய்விட்டது.

"எங்கடை பிள்ளையாருக்கே கிடையாத சீமெந்து உவங்கடை யேசுவுக்கு எப்பிடியடா கிடைச்சது?" என்று கோயில் வீதியில் நின்று கேட்டார்.

யாரிடமும் பதில் இல்லை. அதனால் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். இரவில் வள்ளத்தில் வந்து இறங்கியது என்றார் ஒருவர். நீங்கள் வள்ளத்தைக் கண்டீர்களா என்று அவரை யாரும் கேட்கவில்லை. ஆமி ரகசியமாகக் கொடுக்கிறான் என்றார் இன்னொருவர். பக்கத்து ஒழுங்கையில் ஒரு ரீச்சர் இருந்தார். தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவர்களான வேதக்காரக் குடும்பம், மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து இளைப்பாறியவர். அவருக்காவது தெரிந்திருக்கும் என்று போய்க் கேட்டார்கள். ரீச்சருக்குக் கோபமே வந்துவிட்டது.

"அவை எங்கடை ஆக்களில்லை. நாங்கள் வாங்கிலை இருந்து அமைதியாப் பாடுறனாங்கள். அவை நிலத்திலை இருந்து கை தட்டுறவை. எனக்கும் உதிலை ஒரு சந்தேகம் இருக்கு."

வேதக்காரரே சந்தேகப்பட்டால் பிறகு என்ன வேண்டும்? ஊருக்குத் தெம்பு வந்துவிட்டது.

பிறகு ஒரு நாள் புதுச்செய்தி வந்தது. அல்லேலூயாக்காரர் ஊரூராகப் பனங்கட்டி வாங்கிக் குவிக்கிறார்களாம். சீனி கிடைப்பதே அருந்தலாயிருந்த காலம். பனங்கட்டியைக் கடித்துக் கடித்துத்தான் எல்லாரும் வெறுந்தேத்தண்ணி குடித்தோம். அதை ஓலைக் குட்டான் குட்டானாக ஒரு சபை எதற்கு வாங்குகிறது? மாமாவுக்கு உடனே விளங்கிவிட்டது.

"எங்கடை பிள்ளையளுக்கு இனிப்பைக் காட்டி மாத்தப் போறாங்கள்! இண்டையிலிருந்து ஒரு குஞ்சும் அந்தப் பக்கம் போகக்கூடாது. உவங்களுக்கு ஒருத்தரும் பனங்கட்டி விக்கவும் கூடாது."

இதில் இடி விழுந்தது எங்கள் வீட்டில். அப்பா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே போய்விட்டார். மாமாவின் வளவு மூலையில் ஒரு மண்வீட்டில் நாங்கள் இருந்தோம். அம்மா தென்மராட்சிப் பக்கம் போய்ப் பனங்கட்டி எடுத்துவந்து சந்தையில் விற்பார். தலைவரின் தங்கை சந்தையில் குந்தியிருப்பது மாமாவுக்குக் கௌரவக் குறைவுதான். ஆனாலும் வேண்டாம் என்று சொன்னால் தான் அரிசி போடவேண்டி வரும் என்பதால், காணாததுபோல இருந்துகொண்டார்.

எங்கள் பின்வேலியில் ஒரு பொட்டு இருந்தது. நாய் நுழையுமளவு. மாமா தடை போட்ட சில நாட்களில் ஒரு பின்னேரம், அந்தப் பொட்டுக்கு அங்கால், சபையை நடத்திய பாஸ்ரரின் மனைவி குந்தியிருப்பதையும் இங்கால் அம்மா குந்தியிருப்பதையும் கண்டேன்.

"அக்கா, இன்னும் கொஞ்சம் கிடைக்குமோ? மழை வரப்போகுது, அவர் அந்தரப்படுறார்."

"மெல்லக் கதை பிள்ளை. அண்ணை முத்தத்திலை நிக்கிறார்."

குட்டான்கள் ஒவ்வொன்றாகப் பொட்டுக்குள்ளால் போயின. திரும்பியபோது அம்மா என்னைக் கண்டுவிட்டார். காதைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார்.

"மாமாவுக்குத் தெரிஞ்சுதெண்டால் நாளைக்கு நாங்கள் தெருவிலை. விளங்குதோ?"

"ஓம்."

அது எனக்கு நன்றாக விளங்கிற்று. விளங்காதது வேறொன்று. எங்கள் வீட்டுப் பனங்கட்டியைத் தின்று ஊர்ப்பிள்ளைகள் மதம் மாறப் போகிறார்கள், எனக்கு ஒரு துண்டும் இல்லை. அம்மா விற்கிற சாமானில் வாய் வைக்க விடமாட்டார். உடைந்தது எனக்கு என்பது சட்டம். ஆனால் அம்மாவின் கையில் ஒன்றும் உடைவதில்லை.

அடுத்த நாள் பள்ளிக்கூடத்தால் வந்து, மதம் மாறுவதற்குத் தயாராகவே அந்த வளவுக்குள் போனேன். அந்த வயதிலேயே எனக்குத் துணிவு அதிகம். வியாபாரத்தில் நான் மேலே வந்ததற்கு அதுதான் காரணம் என்று இன்றைக்கும் சொல்வேன்.

என்னை யாரும் கவனிக்கவில்லை. பெரியவர்கள் கல் அடுக்கினார்கள். அவர்களுடைய பிள்ளைகள் மணல் அரித்தார்கள். ஒருத்தரின் வாயிலும் பனங்கட்டி இல்லை. நன்றாகத் தெரிகிற இடத்தில் போய் நின்றேன், இருமினேன். அப்போதும் ஒருவரும் என்னை மாற்ற வரவில்லை. கடைசியில் பாஸ்ரரின் மனைவி ஒரு பெரிய பானையைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே கரைத்த பனங்கட்டித் தண்ணீர். வாசம் மூக்கில் ஏறியது. என் கண்முன்னே அவ்வளவையும் நீற்றின சுண்ணாம்பும் மணலும் கிடந்த தொட்டிக்குள் ஊற்றி மண்வெட்டியால் குழைத்தார்கள். அந்தக் குழையலை அள்ளிக் கல்லுக்குக் கல் அப்பினார்கள்.

எனக்கு வயிறு பற்றியெரிந்தது. பானை அடியில் விரலை விட்டு நக்கினேன். பிறகு சுவரிலும் விரலைத் தேய்த்து நக்கினேன். முதலில் இனித்தது. அடுத்த கணமே நாக்கு எரிந்தது.

"டேய் தம்பி! உது சுவருக்கு, வாய்க்கில்லை. ஓடு வீட்டை!" என்று பாஸ்ரரின் மனைவி துரத்தினார்.

ஒழுங்கையால் ஓடிய நான் மாமாவின் சைக்கிளிலேயே போய் முட்டினேன். அவரோடு கோயில் சபையார் இரண்டு பேரும் நின்றார்கள்.

"எங்கையிருந்து ஓடி வாறாய்? வாயைத் திற. ஊது பாப்பம்."

ஊதினேன். மாமா மோந்தார். மற்ற இருவரும் முறைக்கு மோந்தார்கள்.

"பனங்கட்டி!" என்றார்கள்.

"அவை தரேல்லை மாமா. அவை சுவருக்குப் பூசினம்."

"கேட்டியளோ? பொய் சொல்லவும் பழக்கிப்போட்டாங்கள். சுவர் பனங்கட்டி தின்னுமோடா?"

முதல் அடி விழுந்தது. "உவங்களுக்கு உவ்வளவும் ஆர் குடுக்கிறது? சொல்லு!" என்று இரண்டாவது அடிக்குக் கை ஓங்கினார். சத்தம் கேட்டு அம்மா படலையைத் திறந்துகொண்டு வந்து நின்றார். நான் அம்மாவைப் பார்த்தேன், வாயை இறுக்கி மூடினேன். வெட்டிப்போட்டாலும் சொல்வதில்லை என்று நின்றேன்.

அப்போது அம்மா பாய்ந்து வந்து, மாமாவின் கைக்கு வேலை வைக்காமல், என்னை அடித்த அடி இன்றைக்கும் முதுகில் இருக்கிறது. "போவியோ? இனிப் போவியோ?" என்று அடித்துக்கொண்டே வீட்டுக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினார். "காணும் தங்கச்சி, பெடியன் செத்துப்போவான்" என்று மாமாவே வெளியில் நின்று கத்த வேண்டியதாயிற்று. கேட்ட கேள்வியையும் அவர் மறந்துபோனார். வாயைத் திறக்காமல் நின்றவனை அம்மா எதற்காக அடித்தார் என்று அன்றிரவு முழுக்க யோசித்தேன். பிடிபடவில்லை.

சில நாட்களில் செபக்கூடத்துச் சுவரில் எறும்பு ஏறத் தொடங்கியது. வரிசை வரிசையாகச் சிவப்பு எறும்பு. செய்தி கோயிலுக்கு வந்தது. நான் சொன்னது உண்மையென்று இப்போதாவது ஒப்புக்கொள்வார்கள் என்று நினைத்தேன். மாமா வேறுவிதமாக நினைத்தார்.

"அப்ப சுவருக்குள்ளை பதுக்கி வைச்சிருக்கிறாங்கள்! ஊர் சீனியில்லாமல் கிடக்க, சுவருக்குள்ளை கட்டி வைச்சு நாளைக்கு விலைக்கு விக்கப்போறாங்கள்."

சுவரை இடித்துப் பார்க்க அலவாங்கோடு ஒரு கூட்டம் புறப்பட்டது. நாங்கள் சிறுவர் பின்னால் ஓடினோம். அம்மாவும் வந்து வேலியோரம் நின்றார். பாஸ்ரர் மெலிந்த மனிதர், கையெல்லாம் சுண்ணாம்பு.

"நீர் உதுக்குள்ளை என்ன ஒளிச்சு வைச்சிருக்கிறீர்?" என்றார் மாமா.

"ஒண்டுமில்லை ஐயா. சீமெந்து இல்லாதபடியால் சுண்ணாம்புக்குப் பனங்கட்டித் தண்ணி விடுறம். நம்பாட்டில் உடைச்சுப் பாருங்கோ. மழைக்கு முன்னம் நாங்கள் திருப்பிக் கட்டவேணும், அதை மட்டும் நினைச்சுக்கொள்ளுங்கோ."

எறும்பு கூடுதலாக மொய்த்த இடத்தில் இடித்தார்கள். லேசில் உடையவில்லை. ஆள் மாறி ஆள் இடித்துக் கடைசியில் ஒரு ஓட்டை விழுந்தது. மறுபக்கம் நின்ற பிள்ளைகளின் முகங்கள் தெரிந்தன. பனங்கட்டி இல்லை.

மாமா ஓட்டைக்குள் கையை விட்டுத் துழாவினார். "அப்ப மற்றச் சுவரிலைதான் கிடக்கும்" என்றார்.

"மற்றதையும் உடைக்கிறியளோ ஐயா?" என்று பாஸ்ரர் கேட்டார். அதில் நக்கல் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மாமா குனிந்தார். கீழே விழுந்த சாந்துக் கட்டி ஒன்றை எடுத்தார், நகத்தால் கீறிப் பார்த்தார். கல்லைப்போல இருந்தது. அதைச் சால்வையில் முடிந்துகொண்டு நடந்தார். விசாரணைக்குத்தான் கொண்டுபோகிறார் என்று நினைத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் மாமா எல்லாரையும் நிற்கச் சொன்னார். பிள்ளையார் கனவில் வந்தாராம். "சீமெந்தை ஏன் பாத்துக்கொண்டு இருக்கிறாய், சுண்ணாம்பும் பனங்கட்டியும் போதாதோ?" என்று கேட்டாராம். சனம் கண்ணீர் விட்டது. பனங்கட்டி கொண்டுவரும் பொறுப்பு அம்மாவிடம் வந்தது. இப்போது குட்டான்கள் முன்படலையால் போயின. பின்வேலிப் பொட்டு மட்டும் அப்படியே இருந்தது. செபக்கூடத்துக்கு மழைக்கு முன்னமே கிடுகுக் கூரை ஏறிவிட்டது. கோயில் சுவர் ஆளுயரம் வந்தபோது ஊரில் ஒரு புதுக்கதை உலாவியது. எங்கள் கோயில் முறையை அல்லேலூயாக்காரர் களவாகப் பார்த்துப்போய்த்தான் தங்கள் சுவரைக் கட்டினார்களாம். எது முதலில் எழுந்தது என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

கும்பாபிஷேகத்துக்கு ஊர் கூடியிருந்த நேரத்தில் கோயில் சுவரில் எறும்பு ஏறியது. அதே சிவப்பு எறும்பு, அதே வரிசை. கண்டவர் ஒருவர் கூப்பிட, மாமா வந்தார். சனம் விலகி வழி விட்டது. அலவாங்கு எங்கே கிடக்கிறது என்று நான் சுற்றிப் பார்த்தேன்.

மாமா தோளில் கிடந்த சால்வையை எடுத்து இடுப்பில் கட்டினார். சுவரைப் பார்த்துக் கும்பிட்டார்.

"பாத்தியளோ? இனிப்பெண்டால் பிள்ளையார் விடமாட்டார். தன்ரை பரிவாரத்தை அனுப்பியிருக்கிறார்."

எல்லாரும் கும்பிட்டார்கள். எறும்பை மிதிக்காமல் காலைத் தூக்கித் தூக்கி வைத்தார்கள். எனக்குச் சந்தேகம் தீரவில்லை. விரலை ஈரப்படுத்திச் சுவரில் தேய்த்து நக்கினேன். முதலில் இனித்தது. பிறகு எரிந்தது.

நிமிர்ந்தால் மாமா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணை மூடி, முதுகைக் கூனிக்கொண்டு அடிக்குக் காத்திருந்தேன். அடி விழவில்லை. நெற்றியில் திருநீறு பட்டது.

"பெடியனுக்கு இப்பதான் நல்ல புத்தி வந்திருக்கு" என்றார் மாமா.

இரண்டு வளவுக்கு அங்கால் செபக்கூடத்தில் கை தட்டிப் பாடுவது கேட்டது. ஒன்றும் விளங்காமல் பெண்கள் பக்கம் திரும்பி அம்மாவைத் தேடினேன். சேலைத் தலைப்பால் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டு நின்றார். கண் நிறைந்திருந்தது. தோள் இரண்டும் குலுங்கின. ஓடிப்போய் அம்மாவின் காலைக் கட்டிப்பிடித்தேன்.

"அழாதேங்கோ அம்மா. இனிமேல் நான் ஒரு சுவரையும் நக்கமாட்டன்" என்றேன்.

அம்மாவின் உடம்பு இன்னும் கூடக் குலுங்கியது.