கவுன்சிலர் நீந்திய தொட்டி

முன்னறையில் 'டம்' என்று ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து தண்ணீர் தளும்பும் ஓசை.

குளியலறையில் குந்தியிருந்த மெக்கானிக் தலையைத் தூக்கவில்லை. குழாயை முழுதாகத் திறந்துவிட்டு, மீன்தொட்டி ஃபில்டரின் பஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பிழிந்து அலசிக்கொண்டிருந்தார். நேற்றும் அலசினார், முந்தாநாளும் அலசினார். இன்று தேய்த்த தேய்ப்பில் பஞ்சு புதிதாக வாங்கியது போலப் பளிச்சென்று ஆகிவிட்டது.

"என்னங்க, கவுன்சிலர் மூடியை முட்டறாரு" என்று மனைவி கட்டிலிலிருந்து குரல் கொடுத்தாள்.

"முட்டட்டும். தண்ணி தெளிஞ்சா எல்லாம் சரியாயிடும்."

கவுன்சிலர் என்பது ஒரு மீன். நெற்றி புடைத்து, வயிறு சரிந்து, உருப்படியாக ஒரு வேலையும் செய்யாமல் தொட்டியைச் சுற்றிவந்து மற்ற மீன்களை அதட்டுவதால் அவள் வைத்த பெயர் அது.

மெக்கானிக் ஆயுள் முழுக்க லிஃப்ட் பழுது பார்த்தவர். எந்த இயந்திரம் மக்கர் பண்ணினாலும் அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: கழற்று, கழுவு, மாட்டு. அந்த வைத்தியத்தில் மசியாத லிஃப்ட் கிடையாது. மசியாமல் போனது மனைவியின் சர்க்கரை நோய். அது அவளுடைய வலது காலை முழங்காலோடு வாங்கிக்கொண்டது. கட்டிலை முன்னறைக்கு மாற்றினார். அவள் நாளெல்லாம் சுவரைப் பார்த்துக் கிடக்கக் கூடாது என்று அந்தச் சுவர் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கி வைத்தார்.

அதன் பிறகுதான் வீட்டில் மறுபடி சிரிப்புச் சத்தம் கேட்டது. காலையில் அவர் காபி கொண்டுவந்தால், கவுன்சிலர் இன்றைக்கு யாரோடு மல்லுக்கு நிற்கிறார், கறுப்பு மீன் ஏன் புருஷனோடு பேசவில்லை என்று ஊர்க்கதை போலச் சொல்வாள். அவளுக்கு உலகம் என்று மிச்சம் இருந்தது அந்தத் தொட்டி ஒன்றுதான். அது அவருக்கும் தெரியும்.

அப்படியிருக்கும்போதுதான் ஒருநாள் அவள், "தண்ணி கலங்கலா இருக்கே, கவனிச்சீங்களா?" என்றாள்.

அவர் குனிந்து பார்த்தார். அவர் கண்ணுக்குத் தெளிவாகத்தான் தெரிந்தது. ஆனால் சட்டையில் ஒரு பொட்டுக் கறை இருந்தாலும் வாசலிலேயே கண்டுபிடிக்கிறவள் சொன்னால் அதில் விஷயம் இருக்கும். இன்னொரு மோட்டார் மாட்டினார். கரித்துண்டுப் பை போட்டார். மெல்லிய பஞ்சு, தடித்த பஞ்சு என்று அடுக்கினார். ஒவ்வொரு தடவையும் ஈரக்கையோடு வந்து நின்று, "இப்ப?" என்பார். "கொஞ்சம் பரவாயில்ல" என்பாள். மறுநாள் மறுபடி கலங்கல் என்பாள். வாரம் ஒருமுறை நடந்த அலசல் தினசரி ஆனது. சர்க்கரைக்காக அவளை வருஷா வருஷம் கண் டாக்டரிடம் காட்டச் சொல்லியிருந்தார்கள். தொட்டி வேலை முடியட்டும் என்று அதைத் தள்ளிப்போட்டார். அலச அலச, ஒருநாள் தண்ணீர் நிஜமாகவே சுண்ணாம்பு கரைத்தது போல வெளுத்தது.

இன்று பஞ்சுகளை மாட்டிவிட்டுப் பார்த்தபோது கறுப்பு மீன்கள் இரண்டும் வயிற்றைக் காட்டி மிதந்தன. கவுன்சிலர் மேலே வந்து வாயைப் பிளந்து காற்றை விழுங்கிக்கொண்டிருந்தது. மனைவி மாத்திரை மயக்கத்தில் கண்ணயரும்வரை காத்திருந்து தொட்டி மீன்களை வாங்கிய வளர்ப்பு மீன் கடை அக்காவுக்குப் போன் போட்டார்.

அக்கா வாளியும் வலையுமாக வந்தார். தண்ணீரை மோந்து பார்த்தார், பஞ்சை உருவிப் பார்த்தார்.

"இதைக் குழாய்த் தண்ணியிலயா கழுவினீங்க?"

"ஆமாங்க. தினமும். ஒரு அழுக்கு விடல."

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். மீனின் கழிவைத் தின்று தண்ணீரைக் காப்பாற்றும் கிருமிகள் அந்தப் பஞ்சின் அழுக்கில்தான் குடியிருக்கும் என்றும், குழாய்த் தண்ணீரில் கலக்கும் குளோரின் மருந்து அவற்றை மொத்தமாகக் கொன்றுவிட்டது என்றும், எப்போதாவது ஒருமுறை, தொட்டித் தண்ணீரிலேயே லேசாக முக்கி எடுத்தால் போதும் என்றும் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"லிஃப்டுக்கு உயிர் இல்லண்ணே. இதுக்கு இருக்கு."

அக்கா தன் கடைத் தொட்டியிலிருந்து கொண்டுவந்த பழுப்பேறிய பஞ்சை ஃபில்டரில் வைத்தார். தண்ணீர் தேற வாரக்கணக்கில் ஆகும், அதுவரை உயிரோடு இருப்பது தன் கடையில் இருக்கட்டும் என்றார். உயிரோடு இருந்தது கவுன்சிலர் மட்டும்தான். அது துள்ளக்கூட இல்லை. வலைக்குள் தானாகவே சாய்ந்தது. தொட்டி காலியானது.

வாளியை மூடும்போது கட்டில் கிரீச்சிட்டது. மனைவி விழித்துக்கொண்டாள். முகத்தைத் தொட்டிப் பக்கம் திருப்பி, ஒரு சிரிப்புச் சிரித்தாள்.

"என்னங்க, இப்ப தண்ணி கண்ணாடியாட்டம் இருக்கு. கவுன்சிலர் அந்த மூலையில ஜம்முனு நிக்கறாரு. போதுங்க, இனிமே கழுவாதீங்க. கையெல்லாம் ஊறிப்போயிருக்கும்."

மீன் இல்லாத, பால்போல வெளுத்த தொட்டியை மெக்கானிக் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். இரண்டடி தூரத்தில் வாளியோடு நின்ற அக்காவை அவள் கண் தொடவே இல்லை. அக்கா மெல்லக் கையை நீட்டி அவள் முகத்துக்கு முன்னால் அசைத்தார். இமை அசையவில்லை.

முதன்முதலில் கலங்கல் என்றாளே, அன்று அவளைக் கண் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். அவர் ஓடியது மோட்டார் வாங்க. ஒவ்வொரு நாளும் 'இப்ப?' என்று கேட்டு நின்றபோதெல்லாம், புருஷன் பட்ட பாடு வீண் போகக் கூடாது என்று தன் பார்வை கொஞ்சம் கொஞ்சமாக மங்குவதை அவள் மறைத்திருக்கிறாள்.

"சொல்லுங்களேன், நிக்கறாருதானே?" என்றாள்.

"நிக்கறாரு" என்றார். "ஜம்முனு நிக்கறாரு."

அவள் நிம்மதியாகத் தலையணையில் சாய்ந்தாள்.

அக்கா ஓசைப்படாமல் நடந்தார். வாசல்வரை வந்த மெக்கானிக்கிடம், "பார்வை போனது அவங்களுக்குத் தெரியுமா?" என்று கிசுகிசுத்தார்.

"அவளுக்குத் தெரியும். எனக்குத்தான் இன்னிக்குத் தெரிஞ்சுது."

நாளைக்கே கண் டாக்டரிடம் கூட்டிப் போங்கள், இன்னமும் ஏதாவது செய்வார்கள் என்றார் அக்கா. சொல்லும்போது மெக்கானிக்கின் முகத்தைப் பார்க்கவில்லை. வாளித் தண்ணீர் படியில் சிந்த இறங்கினார். அக்கா தெருவில் திரும்பும்வரை நின்ற மெக்கானிக், சத்தம் வராமல் கதவைச் சாத்தினார்.