வருகை வாசலில் ஒரு கடை

புது விமான நிலையத்தில் கடைகளுக்குச் சீட்டுக் குலுக்கியபோது சிமாங்குக்கு இரண்டாம் எண் விழுந்தது. கூடியிருந்த வியாபாரிகளில் பாதிப் பேர் பெருமூச்சு விட்டார்கள். ஊரைவிட்டுப் போகிறவர்கள் சோதனை முடிந்து உள்ளே வந்ததும் முதலில் கண்ணில் படுவது அந்த இடம்தான். தக்லோபானிலிருந்து மணிலாவுக்குப் போகிற யாரும் வெறுங்கையோடு போகமாட்டார்கள். அத்தைக்கு, கூட வேலை பார்க்கிறவர்களுக்கு, வாடகை வீட்டுக்காரிக்கு என்று பத்துப் பொட்டலமாவது கையில் தொங்க வேண்டும். அதுவும் சிமாங் கிண்டுகிற பினாகோல் என்றால் சொல்லவே வேண்டாம். கிழங்கையும் தேங்காய்ப்பாலையும் சர்க்கரையையும் கிண்டி, பாதிச் சிரட்டையில் நிரப்பி, வாழையிலை சுற்றிக் கட்டிக் கொடுப்பாள்.

மொத்தம் ஆறு கடை. ஐந்து புறப்பாட்டுக் கூடத்தில். ஆறாவது மட்டும் தனியாக, கீழே, வந்து இறங்குகிறவர்கள் வெளியேறும் வாசலில் இருந்தது. அது பனியாங்குக்கு விழுந்தது.

கருவாடு விற்கிற இக்கோய்க்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மனாய், ஊருக்கு வர்றவன்கிட்ட ஊர்ப் பலகாரத்த விக்கப் போறீங்களா? அப்படியே கடலுக்குள்ள நின்னு உப்பும் வித்துருங்க!"

மனாய் என்றால் அக்கா. பனியாங்கை அங்கே எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவளுக்கு அறுபத்தைந்து வயது. வாய் மட்டும் இருபதிலேயே நின்றுவிட்டது.

"உன் கருவாட்டு நாத்தத்துக்கு அவன் வந்த பிளேன்லயே திரும்பிப் போயிருவான்டா. நீ கீழ வராம இரு, அது போதும் எனக்கு" என்றாள். சொன்னாளே தவிர, கையிலிருந்த சீட்டைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டே இருந்தாள்.

அப்போதுதான் சிமாங் எழுந்தாள்.

"மேடம், நானும் மனாயும் மாத்திக்கலாமா? எனக்குக் கீழ்வாசக் கடையக் குடுங்க."

அலுவலகத்து மெர்லிட்டா மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "நல்லா யோசிச்சுதான் பேசுறியாம்மா? ஒரு தடவ எழுதினா மூணு வருஷத்துக்கு மாத்த முடியாது."

"யோசிச்சுதான் மேடம்."

"சரி. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள ரெண்டு பேரும் வந்து கையெழுத்துப் போடுங்க."

இக்கோய் தலையில் அடித்துக்கொண்டான். மற்றவர்கள் சிரிக்கவில்லை. சிமாங் ஏன் கேட்கிறாள் என்று அவர்களுக்குத் தெரியும்.

யோலாண்டா புயல் வந்த வருஷம் அவள் வீடு விமான நிலையத்து வேலிக்குப் பக்கத்திலேயே, கடலைப் பார்த்து இருந்தது. புருஷன் கோரியோ பயணிகளின் பெட்டி தூக்குகிறவன். புயல் வருகிறது என்றதும் பெண்களும் பிள்ளைகளும் ஊருக்குள் போனார்கள். ஆண்கள் வீட்டுக் காவலுக்கு நின்றார்கள். அங்கே எப்போதும் அப்படித்தான் வழக்கம். காற்றைத்தான் அவர்களுக்குத் தெரியும். கடலே எழுந்து தென்னை உயரத்துக்கு உள்ளே வரும் என்று யார் நினைத்தார்கள்? கோரியோவும் தன் இரண்டு சண்டைச் சேவல்களைக் கூடையில் போட்டுக்கொண்டு, "கூரையப் புடிச்சிட்டு உக்காந்திருப்பேன். நீ போ, கோயில்ல எனக்கும் சேத்து முட்டி போடு" என்று சிரித்தான். வெள்ளிக்கிழமை காலையில் கடல் வந்து போனபோது வீடும் இல்லை, வேலியும் இல்லை. விமான நிலையத்தில் தூண்களும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் மட்டும் நின்றன.

மூன்று நாள் சிமாங் சேற்றில் தேடினாள். சாலை ஓரமாக வரிசையாக வைத்திருந்த பிணப் பைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். மூன்றாம் நாள் சாயங்காலம் பனியாங் ஓடி வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"கோரியோவப் பாத்தேன்டி! ராணுவப் பிளேனுக்கு நிக்கிறாங்கல்ல, அந்த வரிசைல. தலைல துணி கட்டியிருந்தான். எனக்குக் கையாட்டினான். வைத்தியத்துக்கு மணிலா போறான் போல."

சிமாங் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அன்றைக்குத்தான் தண்ணீர் குடித்தாள், கஞ்சி குடித்தாள். அதற்குப் பிறகு ஒரு பையையும் அவள் திறக்கவில்லை.

அந்த விமானங்களில் ஏறியவர்களுக்குப் பெயர்ப் பட்டியல் கிடையாது. அடித்துப் பிடித்து ஏறினார்கள், போனார்கள். இரண்டு மாதம் கழித்து சிமாங் மணிலாவுக்குப் போய் முகாம் முகாமாகப் படத்தைக் காட்டினாள். யாருக்கும் தெரியவில்லை. தலையில் அடிபட்டவர்களுக்கு நினைவு தப்பிவிடும் என்று ஒரு நர்ஸ் சொன்னாள். அந்த ஒரு வார்த்தையை எடுத்துக்கொண்டு சிமாங் திரும்பி வந்தாள். பிளேனில் போனவன் பிளேனில்தானே வருவான்? தகரக் கூரை போட்டு நிலையத்தை மறுபடி திறந்ததும், வருகை வாசலில் கூடை வைத்து உட்கார்ந்துவிட்டாள். பன்னிரண்டு வருஷம் ஆகிறது. புயல் வந்த நவம்பர் எட்டாம் தேதி, செத்தவர்களுக்காக ஊரே தெருவில் மெழுகுவத்தி ஏற்றும்போது அவள் மட்டும் ஏற்றமாட்டாள். கோயிலில் பாலயேசுவின் முன்னால் பயணம் போனவர்களுக்காக ஜெபமாலை சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவாள்.

புயலுக்குப் பிறகு அரசாங்கம் ஊருக்கு வடக்கே கட்டிக் கொடுத்த வீடுகளில் இரண்டு பேரும் அடுத்தடுத்த வீடு. அடுப்பு ஒன்றுதான். அதில் சிமாங் பினாகோல் கிண்டுவாள், பனியாங் சாக்லேட் கலந்த மோரோன் கொழுக்கட்டை வேகவைப்பாள்.

வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு பேரும் வாழையிலையை அனலில் வாட்டிக்கொண்டிருந்தார்கள். பனியாங் இலையைக் கீழே வைத்தாள்.

"சிமாங், அந்தக் கடைய நீயே வச்சுக்க. மாத்த வேணாம்."

"ஏன் மனாய்? மேல உக்காந்தா உங்க வாய்க்கு வேலையில்லன்னு பயமா?"

பனியாங் சிரிக்கவில்லை. "நான் கோரியோவப் பாக்கல."

"எப்ப?"

"அன்னைக்கு. அந்த வரிசைல. ஒருத்தன் தலைல துணி கட்டி நின்னான். முதுகுதான் தெரிஞ்சுது. கோரியோவா இருக்கக்கூடாதா மாதாவேன்னு நெனச்சேன். உன்கிட்ட வந்து சேர்றதுக்குள்ள கோரியோதான்னு வாயில வந்துருச்சு."

"கையாட்டினார்னு சொன்னீங்களே."

"சொன்னேன்."

"முகத்தப் பாத்துக் கையாட்டினார்னு..."

"நீ மூணு நாளா தண்ணி குடிக்கல. உன் கண்ணப் பாக்கவே பயமா இருந்துச்சு. ரெண்டு வாய் கஞ்சி குடிக்கட்டும், அப்புறம் உண்மையச் சொல்லலாம்னு இருந்தேன். அந்த அப்புறம் வரவே இல்ல சிமாங்."

சிமாங் கையிலிருந்த சிரட்டையைச் சுற்றிக் கட்டி முடித்தாள். அடுத்ததை எடுத்தாள். அதையும் கட்டினாள். மூன்றாவதற்கு இலை கிழிந்தது. வேறு இலை எடுத்தாள். அதுவும் கிழிந்தது.

"நீங்க உங்க ரெண்டு பசங்களையும் நாலாம் நாள் கண்டுபுடிச்சீங்க" என்றாள். "பெல்ட்ட வச்சு அடையாளம் சொன்னீங்க. பூச வச்சீங்க. பேரெழுதிச் சிலுவ நட்டீங்க. எனக்கும் அவரோட பெல்ட் தெரியும் மனாய். நான்தான் வாங்கிக் குடுத்தேன். நான் ஏன் மிச்சப் பைகளத் தெறக்கல?"

பனியாங் கிழிந்த இலைகளைப் பொறுக்கினாள்.

"மேட்டுக் கல்லறையில பேரில்லாத சிலுவ அத்தன இருக்கே. அந்த வழியா போறப்பல்லாம் பாவம் யாரோன்னு சிலுவ போட்டுட்டுப் போனேனே."

"தெரியும். அதனாலதான் வாயத் தெறக்கல."

"இப்ப மட்டும் ஏன் தெறந்தீங்க?"

"நான் சொன்ன பொய்க்காக நீ உன் பொழப்பத் தூக்கிக் குடுக்குற. அத எப்படி நான் வாங்கிக்குவேன்? அந்தச் சோறு என் தொண்டைல எறங்காதுடி."

சிமாங் எழுந்து கையைக் கழுவினாள். அடுப்பை அணைக்கவில்லை. ஜீப்னி வண்டி பிடித்துக் கோயிலுக்குப் போனாள்.

வழக்கமான இடத்தில் முழங்கால் போட்டாள். ஜெபமாலையைக் கையில் எடுத்தாள். முதல் மணியிலேயே விரல் நின்றுவிட்டது. பயணம் போனவர்களுக்காகச் சொல்வதா, மரித்தவர்களுக்காகச் சொல்வதா? எந்தக் கருத்துக்கு ஒப்புக்கொடுப்பது என்று தெரியாமல் ஒரு மணி நேரம் அப்படியே இருந்தாள். கண்ணீர் வரவில்லை. தலையில் துணி கட்டியிருந்த அந்த முதுகுக்காரனைத்தான் நினைத்தாள். அவன் நிஜமாகவே விமானம் ஏறியிருப்பான். அவன் வீட்டில் எந்தப் பெண் காத்திருந்தாளோ! அவளுக்காவது அவன் கிடைத்திருக்க வேண்டும் ஆண்டவரே என்று சொன்னாள். அந்த ஒன்றைத்தான் அன்றைக்கு அவளால் மனமாரச் சொல்ல முடிந்தது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அவள் அலுவலகத்துக்குப் போனபோது பனியாங் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"மாத்தலன்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்" என்றாள் பனியாங்.

"மாத்தணும். பேனாவப் புடிங்க."

"நான் சொன்னது உனக்குப் புரியலையா?"

"எனக்குப் புரிஞ்சுது. என் காலுக்குப் புரியல. பன்னெண்டு வருஷமா பிளேன் எறங்குற சத்தம் கேட்டா அது தானா எந்திரிக்குது. வர்றவங்களுக்கு முதுகக் காட்டிட்டு மேல உக்கார என்னால ஆகாது மனாய்."

மெர்லிட்டா மேடம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னம்மா, மத்தியானம் வரைக்கும் அழுதுட்டே இருப்பீங்களா, போடுவீங்களா?"

"போடுறோம் மேடம்" என்று சிமாங் முதலில் எழுதினாள். பேனாவைப் பனியாங்கின் கையில் வைத்தாள். பனியாங்கின் எழுத்து கோடு தாண்டிப் போயிற்று.

வெளியே வந்ததும் பனியாங் அவள் முந்திக்கொண்டு போகாதபடி சட்டை நுனியைப் பிடித்தாள். "என்ன மன்னிச்சிட்டியா?"

சிமாங் பொய் சொல்லப் பழகாதவள். "அத ஆண்டவர்கிட்ட கேட்டிருக்கேன். இன்னும் வரல. வந்தா உங்களுக்குத்தான் முதல்ல சொல்வேன்" என்றாள்.

அடுத்த திங்கட்கிழமை புதுக் கட்டடம் திறந்தது. சாமியார் தீர்த்தம் தெளித்தார். கடலைப் பார்த்த பக்கம் முழுக்கக் கண்ணாடி. தரை வழுக்கியது. சிமாங் கீழ்வாசலில் பொட்டலங்களை அடுக்கி வைத்து உட்கார்ந்தாள். முதல் விமானம் இறங்கியது. எழுந்து நின்றாள்.

கதவு திறந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒரு பெண் நேராகக் கடைக்கு வந்து, "ஒண்ணு குடுங்கக்கா, இப்பவே பிரிச்சுக் குடுங்க. வீட்டுக்குப் போற வரைக்கும் பொறுக்காது. எட்டு வருஷமாச்சு" என்றாள். வாசலிலேயே நின்று சிரட்டையை விரலால் வழித்துத் தின்றாள். கண்ணில் நீர் ஓடியது, வாய் சிரித்தது. சிமாங் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

நிமிர்ந்தபோது கடைசியாக ஒரு ஆள் வந்துகொண்டிருந்தான். ஐம்பத்தெட்டு வயசு இருக்கும். முடி பாதி நரைத்து, உச்சி வழுக்கையாகி, ஒரு முழங்காலைக் கொஞ்சம் பார்த்துப் பார்த்து வைத்து நடந்தான். சாயலில் கோரியோ மாதிரி ஒன்றுமே இல்லை. ஆனால் சிமாங்குக்கு அப்போதுதான் உறைத்தது. கோரியோவுக்கும் இப்போது ஐம்பத்தெட்டு. இத்தனை வருஷமும் அவள் வருகை வாசலில் தேடியது கூரையைப் பிடித்துக்கொள்கிறேன் என்று சிரித்த நாற்பத்தாறு வயதுக்காரனை. வருகிறவர்களில் கறுத்த முடிக்காரர்களை மட்டுமே பார்த்திருக்கிறாள். நரைத்தவர்களைப் பார்க்காமலே விட்டிருக்கிறாள்.

அந்த ஆளுக்காக ஒரு ஜீப்னி நிறையச் சனம் வந்திருந்தது. பிள்ளைகள் முண்டியடித்து அவன் கையை எடுத்து ஆசிக்காக நெற்றியில் வைத்துக்கொண்டார்கள். அவன் மனைவி கடைசியாக வந்து, அவன் தோளில் தொங்கிய பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

சிமாங் பார்த்துக்கொண்டே நின்றாள். முடி இப்படி நரைத்திருக்கும். பெட்டி தூக்கித் தூக்கி முழங்கால் இப்படித்தான் தேய்ந்திருக்கும். பையை நானும் வாங்கியிருப்பேன். ஜீப்னி திரும்பி, தென்னங்கன்றுகள் புதிதாக நட்ட சாலையில் போய் மறையும் வரை அவள் உட்காரவில்லை.