ஒற்றக்காவின் நரி

ஒற்றக்கா கடைசி வரியில் தொடங்கி மேலே மேலே ஏறிப் படித்துக்கொண்டிருக்கிறார். வரிக்கு அடியில் இரும்பு அளவுகோல், காதோரம் சிவப்புப் பேனா, வாயில் பாதி கரைந்த இருமல் மிட்டாய். "மேலருந்து படிச்சா கதைக்குள்ள போயிடுவேன், அண்ணே. கீழருந்து படிச்சாத்தான் எழுத்து எழுத்தாத் தெரியும்" என்பார்.

என் அச்சகத்தில் பத்தொன்பது வருடமாகப் பிழை திருத்துகிறார். க், ச், த், ப் என்று ஓர் ஒற்று எங்கே விட்டுப்போனாலும் மோப்பம் பிடித்துவிடுவதால் இயந்திரக்காரர் வைத்த பெயர் ஒற்றக்கா. சத்தமில்லாமல் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார் என்பதால் ஒற்றன் என்ற அர்த்தமும் அதில் உண்டு. அதை மட்டும் அவர் காதுபட யாரும் சொல்வதில்லை.

நான் நாலாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடத்தைப் பார்த்தவனில்லை. காகிதக் கழிவு பெருக்க வந்தேன், இன்று மூன்று இயந்திரங்களுக்கு முதலாளி. என்னை அதட்டிப் பேச இந்தத் தெருவில் ஆள் கிடையாது. இந்த அம்மாளோ சேர்ந்த முதல் வாரமே என் கையெழுத்தைத் திருத்தினார். என் பெயரில் ஒரு புள்ளி குறைகிறதாம். "கையெழுத்துன்னா எப்படி வேணா போடலாம்மா" என்றேன். "எப்படி வேணா போடலாம், தப்பா போடக் கூடாது" என்றார். அன்று முதல் அந்தப் புள்ளியை வைக்கிறேன். வைத்த பிறகுதான் கையெழுத்து களையாக இருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தெருவில் நடந்தாலும் கண் சும்மா இருக்காது. முனைச் சுவரில் 'குப்பைக் கொட்டாதீர்' என்று எழுதியிருந்தது. ஒருநாள் மதியம் அந்தக் குப்பைக்கு நடுவிலேயே நின்று சுண்ணாம்பால் ஒரு 'க்'கை அழித்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுக்காரர், "யாரும்மா அது, குப்பை போடுறது?" என்று கத்தினார். "போடலைங்க, எடுக்குறேன்" என்றார் ஒற்றக்கா. அவருடைய அப்பா போனபோது இரங்கல் அட்டை எங்களிடம்தான் வந்தது. அழுதுகொண்டே வந்தவர் அட்டையைப் பார்த்ததும் அழுகையை நிறுத்தினார். 'காலமாணார்' என்று இருந்தது. "மூணு சுழி போட்டு எங்கப்பாவ அனுப்ப மாட்டேன். முதல்ல ஒழுங்கா காலமாகட்டும்" என்று பேனாவை எடுத்தார். திருத்திக் கொடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து அழுதார்.

இப்படிப்பட்டவர் ஒரு சிறுவர் நாவல் எழுதி, அதற்கு இந்த வருடம் பெரிய பரிசும் வாங்கியிருக்கிறார். அதனால்தான் இந்தப் பத்திரிகை அவரைப் பற்றி எழுதச் சொல்லி என்னிடம் வந்தது. வேறு யாரிடம் போவார்கள்? வீணான தாள்களின் பின்பக்கத்தில், தேநீர் இடைவேளைகளில், ஆறு வருடம் எழுதினார். காட்டையும் காட்டு விலங்கையும் பற்றிய கதை. அவரோ காட்டைக் கண்ணால் கண்டவரில்லை. பூனை முடி பட்டால் பதினெட்டுத் தும்மல் போடுவார், எண்ணியிருக்கிறோம்.

"காட்டுக்கு ஒரு தடவையாவது போயிருக்கியாம்மா?" என்று கேட்டேன்.

"எதுக்குண்ணே? காடு நம்ம கக்கூஸ் சன்னலுக்கு வெளியவே ஆரம்பிச்சிடுதே."

அச்சகத்துக்குப் பின்னால் காலி மனை ஒன்று இருக்கிறது. ஆளுயரப் புல், உடைந்த கைகழுவும் தொட்டி, நாலு காக்கை, என்னைப் பார்த்தும் நகராத ஒரு பெருச்சாளி. அதைத்தான் ஆறு வருடம் பார்த்திருக்கிறார். இயந்திரக்காரர், "அக்காவுக்கு வயித்துல ஏதோ கோளாறு" என்று நம்பியிருந்தார்.

கதை இதுதான். ஒரு பெண் நரி. அதனிடம் மாட்டும் பிராணி நல்ல கதை ஒன்று சொன்னால் விட்டுவிடும். முயல் சொல்கிறது, எலி சொல்கிறது, ஆமைகூட இழுத்து இழுத்துச் சொல்லி முடிக்கிறது. எல்லாம் பிழைக்கின்றன, நரி எலும்பும் தோலும் ஆகிறது. நான் மூன்று நாள் எழுத்துக்கூட்டிப் படித்தேன். முயல் தப்பிக்கும்போதெல்லாம் எனக்குப் பசித்தது. கடைசிப் பக்கத்தில் கதைகளையெல்லாம் கேட்டு முடித்த நரி எழுந்து சோம்பல் முறிக்கிறது. ஒற்றக்கா எழுதிய முடிவு: 'மறுநாள் காலை நரி இரை தேடிப் புறப்பட்டது.'

அந்தப் பக்கம் அச்சுக்குப் போன அன்று அவர் கண் பரிசோதனைக்கு விடுப்பு. நான் திரையில் பார்த்தேன். முப்பது வருடமாகக் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறேன், 'இறைவன் அருளால்' என்று ஆயிரம் தடவை என் கையால் கோத்திருக்கிறேன். இறைக்குப் பெரிய ற என்பது எனக்குத் தூக்கத்திலும் தெரியும். நரிக்கு நல்ல புத்தி வந்துவிட்டது, ஒற்றக்காவுக்குத்தான் கண் மங்கிவிட்டது என்று நினைத்து, 'இரை'யை 'இறை'யாக மாற்றிவிட்டேன். அவரையே திருத்திவிட்ட பெருமையில் அன்று எல்லோருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தேன்.

அச்சான புத்தகத்தை அவர் பிரித்துப் பார்ப்பதில்லை. "பாத்தா பிழை தெரியும், தெரிஞ்சா தூக்கம் போயிடும்" என்பார். ஆகவே பரிசுக் குழுவின் கடிதம் வந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அதையும் வழக்கம்போலக் கீழிருந்து படித்தார். தேதி, கையெழுத்து, வாழ்த்து எல்லாம் தாண்டி நடுவில் வந்து அளவுகோல் நின்றது. 'கொன்று தின்னும் விலங்கும் முடிவில் கடவுளைத் தேடிப் போகும் என்று பிஞ்சு மனங்களுக்கு உணர்த்தும் அந்தக் கடைசி வரிக்காகவே இந்தப் பரிசு.'

எழுந்துபோய்ப் புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பிரித்தார்.

"யாரு கை வச்சது?"

"நான்தான்" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

"அண்ணே, அது திங்கிற இரை. சின்ன ர." அளவுகோலால் அந்த எழுத்தைத் தட்டினார். "ஆறு வருஷம் பட்டினி போட்டு வளர்த்த நரிய ஒத்த எழுத்துல சாமியாரா ஆக்கிட்டீங்களே!"

"அதுக்குத்தானேம்மா பரிசே குடுத்திருக்காங்க. நியாயமாப் பாத்தா பாதி எனக்குச் சேரணும்."

"முழுசா வச்சுக்குங்க. இது நரிக்குக் கிடைச்சதில்ல, உங்க கல்யாணப் பத்திரிகைக்குக் கிடைச்சது."

அங்கேயே குழுத் தலைவருக்குத் தொலைபேசினார். பிழை என்று சொன்னார். நானும் காதை ஒட்டவைத்துக் கேட்டேன். தலைவர் பதறவில்லை. "பெரிய ற-தான் நல்லாருக்கும்மா. சின்ன ர-தான்னு நீங்க பிடிவாதம் பிடிச்சா, நாங்க மறுபடி கூடித்தான் பேசணும். வேற புத்தகமும் வரிசைல இருக்கு. பேசாம மேடைக்கு வாங்க, அந்த வரிய உங்க வாயாலயே படிங்க" என்றார்.

ஒற்றக்கா வெகுநேரம் பேனாவின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். பரிசு வேண்டாம் என்று சொல்கிற ஆளில்லை அவர். புகைப்படத்துக்காகப் புதுக் கண்ணாடிச் சட்டமே வாங்கிவிட்டார். ஆனால் நரியையும் விட மனதில்லை.

"புள்ளைங்க நம்பிடும்ணே. நல்லா நாலு கதை சொன்னா எந்த மிருகமும் திருந்திடும்னு நெனச்சுக்கும். அது நரிண்ணே. கதையையும் கேக்கும், கடிக்கவும் கடிக்கும்."

"கவலைப்படாதம்மா. வாயால சொன்னா ரெண்டு ர-வும் ஒண்ணுதானே, யாருக்குத் தெரியப்போகுது?" என்று ஆறுதல் சொன்னேன். இவ்வளவு புத்தியோடு நான் பேசியதற்கு அவர் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

விழா ஒரு பள்ளி மண்டபத்தில். முன்னால் தரையில் குழந்தைகள், பின்னால் நாற்காலிகளில் நாங்கள். தலைவர் கடவுளைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார், நரியைப் பற்றி ஒரு நிமிடம். குழந்தைகள் ஒருவர் முதுகில் ஒருவர் விரலால் எழுதி விளையாடத் தொடங்கிவிட்டனர். அப்புறம் ஒற்றக்காவை அழைத்துப் பரிசைக் கையில் கொடுத்தார்கள். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைசிப் பக்கத்தை மேலிருந்து கீழாக வாசித்தார். அவர் அப்படி வாசித்து நான் கேட்டதே இல்லை. நரி எழுந்தது, சோம்பல் முறித்தது. குழந்தைகளின் விரல்கள் முதுகிலேயே நின்றன.

"மறுநாள் காலை நரி இரை தேடிப் புறப்பட்டது."

தலைவர் கண்ணை மூடிக் கைகூப்பினார். பின்னால் சிலரும் கூப்பினார்கள். கேட்டவர் காதில் எந்த ர விழுந்ததோ, நான் நிம்மதியாகக் காலை நீட்டினேன்.

ஒற்றக்கா புத்தகத்தை மூடினார். புதுக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். முன்வரிசைக் குழந்தைகளை ஒவ்வொன்றாக, கொழுத்தது எது என்று பார்ப்பதுபோல, நிதானமாகப் பார்த்தார். பிறகு ஒலிவாங்கியருகே குனிந்து, உதட்டைத் தூக்கி, இரண்டு வரிசைப் பல்லையும் 'டக்'கென்று கடித்துக் காட்டினார்.