திருவான்மியூரைத் தாண்டிய முக்கோணம்

ஓய்வுபெற்ற பிறகு, கணினியில் படம் வரையும் நிரல்களை எழுதப் பழகிவந்தேன். திரையில் ஒரு முக்கோணம் தெரிய வேண்டும். பல வாரங்களாகக் கறுப்புதான் தெரிந்தது. அன்றும் வராவிட்டால் விட்டுவிடுவது என்ற முடிவோடு மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறி, மடிக்கணினியைத் திறந்தேன்.

பக்கத்தில் சுருட்டை முடிப் பெண் ஒருத்தி, அலுவலக அட்டையின் நாடாவை விரலில் சுற்றிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். திருவான்மியூரில் இறங்குபவள், அவளுக்கு இதே வேலைதானாம்.

"பஃபர்ல மூணு புள்ளி இருக்கு, ஷேடர் நிறம் குடுக்குது, பைப்லைன் ரெண்டையும் சேக்குது. வரையச் சொல்ற கட்டளையும் எழுதிட்டீங்க. ஆனா அத படம் வரையற சிப்போட க்யூவுக்கு அனுப்பவே இல்லயே அங்கிள். ஆர்டர எழுதி சப்ளையர் பாக்கெட்லயே வெச்சுக்கிட்டா தோச எப்டி வரும்?"

அனுப்பும் வரியை நான் தட்டிக்கொண்டிருந்தபோது திருவான்மியூர் வந்தது. பார்த்தேன், சொல்லவில்லை. பிழை காட்டினால் யாரைக் கேட்பது? ரயில் நகர்ந்ததும் சிவப்பு முக்கோணம் தோன்றியது.

"உன் ஸ்டேஷன் போயிடுச்சும்மா. தெரிஞ்சேதான் சொல்லாம இருந்துட்டேன். மன்னிச்சுக்கோ."

"நானும் பாத்தேன் அங்கிள். இத விட்டுட்டு எப்டி எறங்குறது?"

தரமணியில் இறங்கி, எதிர் ரயிலைப் பிடிக்க ஓடினாள். தாமதத்துக்கு அலுவலகத்தில் என்ன காரணம் சொல்லியிருப்பாள் என்று இன்னும் யோசிக்கிறேன்.